4,600 டாலர் போய்விட்டது: கரிபூ வேட்டைத் திட்டம் விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்

எனக்குத் திட்டம் விற்ற இணையதளத்திடமிருந்து இன்று காலையும் மறுப்புதான் வந்தது. மூன்றாவது முறை. "விலங்குகளின் நடமாட்டம் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, முன்பணம் திருப்பித் தரப்படாது." நான் விலங்குகளின் நடமாட்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. என் 4,600 டாலரைக் கேட்டேன்.

மின்னசோட்டாவில் பன்னிரண்டு வருடமாக மான் வேட்டைக்குப் போகிறேன். அலாஸ்காவில் ஒரு முறையாவது கரிபூ (வடதுருவப் பக்கம் பெரிய மந்தைகளாகத் திரியும் மான் வகை) வேட்டையாட வேண்டும் என்பது எனக்கும் மச்சானுக்கும் நெடுநாள் ஆசை. அமெரிக்கக் குடிமக்கள் வெளிமாநிலத்தவராக இருந்தாலும் அங்கே கரிபூவுக்கு வழிகாட்டி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழுப்புக் கரடி, டால் ஆடு, மலை ஆடு ஆகியவற்றுக்குத்தான் கட்டாயம். (இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ உறவினரைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் கவனிக்கவும்: அமெரிக்காவில் குடியிருக்காத வெளிநாட்டவருக்கு அங்கே எந்தப் பெருவிலங்கு வேட்டைக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும்.) அதனால் நாமே திட்டம் போட்டுப் போகலாம் என்று முடிவு செய்து, "சுயமாக வேட்டையாடுபவர்களுக்கு முழுத் திட்டம்" என்று விற்கும் ஓர் இணையதளத்திடம் போனோம். பெயர் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரி தளங்கள் நிறைய இருக்கின்றன.

இந்த வருடம், 2023 ஜனவரியில், வீடியோவில் பேசினோம். அந்த நாற்பது நிமிடத்தில்தான் ஏமாந்தேன். அந்த ஆள் அவசரப்படுத்தவே இல்லை. எங்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டார், மச்சானின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார், சின்ன விமானத்தில் ஒருவர் எத்தனை கிலோ சுமை கொண்டுபோகலாம் என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் திரையில் ஒரு வரைபடத்தைத் திறந்தார். வடமேற்கு அலாஸ்காவின் நோவாட்டக் ஆற்றுப் பக்கம் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு தேதிக்கும் நகர்ந்துகொண்டே போகின்றன. "இது விலங்குகளின் கழுத்தில் மாட்டிய ரேடியோ காலர் தரும் தகவல். மேற்கு ஆர்க்டிக் மந்தை, கிட்டத்தட்ட ஐந்து லட்சம் விலங்குகள். செப்டம்பர் முதல் வாரத்தில் இந்த மேட்டில் உட்கார்ந்தால் போதும், அவை உங்களைத் தேடி வரும்" என்றார். அந்தப் புள்ளிகள் நகர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மச்சானைத் திரும்பிப் பார்த்தேன், அவன் தலையாட்டினான், அவ்வளவுதான்.

வரைபடம், ஜிபிஎஸ் புள்ளிகள், பட்டியல் எல்லாம் சேர்த்து 600. அந்தப் பக்கத்து ஊரான கொட்சபியூவிலிருந்து உள்ளே கொண்டுபோய் இறக்கிவிடும் விமானத்தில் இரண்டு இடங்களுக்கு முன்பணம் 4,000. மொத்தம் 4,600 டாலர். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம், வங்கி வழியாக நேரடியாக அனுப்பினால் இல்லை என்றார்கள். நேரடியாக அனுப்பினேன். அரசுக்குக் கட்டிய லைசென்ஸ் 160, கரிபூவுக்கான டேக் (அனுமதிச் சீட்டு) 650 தனி. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

செப்டம்பர் 6 பயணம். போன வாரம் இறைச்சியைக் கொண்டுவருவது பற்றி ஒரு விதியைக் கேட்பதற்காகக் கொட்சபியூவில் உள்ள மாநில வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எந்த இடத்தில் இறங்குகிறீர்கள் என்று கேட்டார் பேசியவர். புள்ளியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அந்த மேடு நோவாட்டக் தேசியப் பாதுகாப்பு நிலத்துக்குள் இருக்கிறது. 2022 மார்ச்சிலேயே ஃபெடரல் வாழ்வாதார வாரியம் (உள்ளூர் மக்கள் உணவுக்காக வேட்டையாடுவதைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அந்த நிலத்தை ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை எங்களைப் போன்ற வெளியாட்களின் கரிபூ வேட்டைக்கு மூடிவிட்டது. நோவாட்டக், கோபுக் ஆறுகளுக்கு நடுவில் உள்ள ஃபெடரல் நிலத்துக்கும் அதே தடைதான். பத்து மாதம் கழித்து எனக்கு அதையே விற்றிருக்கிறார்கள்! அங்கே போய்ச் சுட்டிருந்தால் வழக்கு என் மேல்தான் வந்திருக்கும், அவர்கள் மேல் அல்ல.

ஐந்து லட்சம் என்பதும் பழைய கதை. 2003இல் 4,90,000 இருந்த மந்தை 2021இல் 1,88,000 ஆகி, 2022இல் 1,64,000க்கு வந்துவிட்டது. கோபுக் ஆற்றைக் கடக்கும் காலமும் சமீப வருடங்களில் வெகுவாகத் தள்ளிப்போகிறது. நேரடிக் காலர் இருப்பிடங்களை மாநில அரசு வெளியாட்களுக்குத் தருவதே இல்லையாம். அப்படியென்றால் நான் பார்த்த புள்ளிகள் எந்த வருடத்தவை, உண்மையானவைதானா என்பதே எனக்குத் தெரியாது. அந்தக் கரிபூவை நம்பிக் குளிர்காலத்தை ஓட்டுகிற அந்தப் பகுதிப் பழங்குடியான இனுபியாட் குடும்பங்களுக்காகத்தான் அந்த நிலத்தை மூடினார்கள். அவர்கள் வாசலில் கொண்டுபோய் என்னை இறக்கிவிடப் பார்த்திருக்கிறார்கள். பணம் போனதைவிட இது எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

அன்று மாலையே தளத்தைக் கூப்பிட்டேன். வேறு பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றார்கள், இருபது நிமிடம் பாட்டுக் கேட்டேன், இணைப்பு அறுந்தது. மறுநாள் மின்னஞ்சலில் "விதிகளைச் சரிபார்ப்பது வேட்டைக்காரரின் பொறுப்பு" என்றார்கள். சரி, விமானத்துக்குக் கட்டிய 4,000? திட்டத்தில் குறிப்பிட்டிருந்த விமான நிறுவனத்தை நானே தேடிப்பிடித்துக் கேட்டேன். என் பெயரிலும் முன்பதிவு இல்லை, மச்சான் பெயரிலும் இல்லை. இதைச் சொன்னதும் "உள் விசாரணை நடக்கிறது" என்றார்கள். அதற்கடுத்து வந்ததுதான் இன்று காலைப் பதில். ஜனவரியில் முழங்கால் வலியை விசாரித்தவர் இப்போது போனையே எடுப்பதில்லை. வங்கியிலோ, நீங்களாகவே அனுப்பிய பணம், திரும்ப வருவது கடினம் என்கிறார்கள். 4,600 டாலர்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். மந்தை எண்ணிக்கையையும் எந்த நிலம் மூடியிருக்கிறது என்பதையும் மாநில அலுவலகத்திடமும் ஃபெடரல் அலுவலகத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டுக்கும் விதி வேறு. பணம் கட்டும் முன்பும் கேளுங்கள், கிளம்பும் முன்பும் கேளுங்கள். இந்த வருடம் (2023) அலாஸ்காவின் இன்னொரு மந்தையான நெல்சினா மந்தைக்கு மாநிலமே வேட்டையை மூடிவிட்டது, ஃபார்ட்டிமைல் மந்தையும் 2017க்குப் பிறகு பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முந்தைய வரைபடத்தை நம்பி எங்கும் போகாதீர்கள். வேட்டைக்காரர்களை ஏற்றிச் செல்வதாக விளம்பரம் செய்பவர்களுக்கு மாநிலத்தின் ட்ரான்ஸ்போர்ட்டர் உரிமம் வேண்டும், அதை இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். விமானக்காரரிடம் நேரில் பேசாமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். அனுப்பினாலும் கார்டில்தான்.

அந்தத் தளத்தில் அடுத்த வருடத் திட்டம் இன்று மதியம்கூட விற்பனையில் இருக்கிறது. அதே மேட்டின் படம்தான். இதே மாதிரி புள்ளி வரைபடத்தைக் காட்டி உங்களிடம் பணம் வாங்கியிருந்தால், ரசீதோடு எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை புகார் கொடுக்கப்போகிறேன், உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.