ஆனி, ஆடியில் கிழக்குக் கடற்கரை: தனியாள் வேன் பயணத்துக்கு ஈகோவா, டிராவலரா, கூரைக் கூடாரமா?

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே தனியாகப் போய், வண்டியிலேயே படுத்து எழ நினைப்பவர்கள் முதலில் மாதத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள் என்று மே மாதம் கிளம்பினால் ஏமாற்றம்தான். அது பள்ளி விடுமுறை. மாமல்லபுரம், ராமேஸ்வரம், கன்னியாகுமரி மூன்றிலும் வண்டி நிறுத்தவே அலைய வேண்டியிருக்கும். ஜூன் பாதி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரைதான் இந்தக் கரை காலியாகக் கிடக்கும். ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசையையும், ஆகஸ்ட் 29 அன்று கொடியேறும் வேளாங்கண்ணித் திருவிழாவையும் தவிர்த்துவிட்டால் போதும். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 உடன் முடிவதால் துறைமுகங்களில் மீனும் வந்திறங்கத் தொடங்கியிருக்கும்.

கூட்டம் குறைந்தாலும் புழுக்கம் குறையாது. பகலை எப்படியாவது ஓட்டிவிடலாம். மரத்தடி இருக்கிறது, உணவகம் இருக்கிறது. சிக்கல் இரவில்தான். வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத, காற்றெல்லாம் ஈரமாக நிற்கும் இரவில் தகரக் கூட்டுக்குள் தூங்கியாக வேண்டும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் இங்கே உதவாது. நீர் ஆவியானால்தான் அது குளிரும். ஏற்கெனவே ஈரமான காற்றில் ஆவியாக இடமில்லை, உள்ளே இன்னும் பிசுபிசுப்புதான் கூடும். தனியாளுக்கு மாற்று ஓட்டுநர் கிடையாது. இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் ஸ்டீயரிங்கில்தான் கண் செருகும். அதனால் மாருதி ஈகோ என்ற சிறிய வேன், ஃபோர்ஸ் டிராவலர் என்ற பெரிய வேன், மேலே கூடாரம் விரியும் பிக்கப் ஆகிய மூன்றையும் ஒரே கேள்வியால்தான் அளக்க வேண்டும்: இரவு இரண்டு மணிக்கு உள்ளே எப்படி இருக்கும்?

அதற்கு முன் காற்றைப் பற்றி. இந்தக் கரை முழுவதும் ஒரே காற்று இல்லை. சென்னை முதல் கடலூர் வரை பகலில் மேற்கிலிருந்து தரைக்காற்று. பிற்பகலில்தான் கடற்காற்று நுழையும், சில மாலைகளில் இடிமழை, நள்ளிரவில் பெரும்பாலும் அசைவே இருக்காது. ராமநாதபுரத்துக்குத் தெற்கே கதை வேறு. மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று தூத்துக்குடி, மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி எங்கும் இரவிலும் விடாமல் அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றது சும்மா இல்லை. வடபாதிக்கு ஏற்ற வண்டி தென்பாதிக்கு ஏற்றதாக இருக்காது.

கூரைக் கூடாரம்

பிக்கப் வண்டியின் மேல் விரியும் கூடாரம் படத்தில் அழகாக இருக்கும். ஒரு நன்மை உண்மையானது: தரையிலிருந்து ஆறு, ஏழு அடி உயரத்தில் நான்கு பக்கமும் வலை இருப்பதால், காற்று லேசாக இருந்தாலே உடம்பில் படும். மரக்காணம், கடலூர் பக்கம் இதைவிடக் குளிர்ச்சியான படுக்கை மின்சாரமில்லாமல் கிடைக்காது. ஆனால் தென்பாதியில் துணி இரவெல்லாம் படபடக்கும். மணல் வலைக்குள் சலித்து இறங்கும். கம்பிகளின் மூட்டு தளரும். தனியாளுக்கு இன்னொரு குறை உண்டு, நாம் இதைத்தான் பெரிதாக நினைக்கிறோம்: யாராவது வந்து தொந்தரவு செய்தால் ஏணியில் இறங்கி, வெளியே வந்து, பிறகுதான் ஓட்டுநர் இருக்கைக்குப் போக முடியும். ஆண், பெண் யாராக இருந்தாலும் தனிப்பயணத்துக்கு இது சரிவராது. இருவராகப் போனால் வேறு பேச்சு.

ஈகோ

இதன் இரண்டு பக்கமும் நகர்த்தித் திறக்கும் கதவுகள். பின்கதவு மேலே தூக்கிக்கொண்டு குடை போல நிற்கும். சிறிய வண்டி என்பதால் மீனவக் குப்பத்துச் சந்துக்குள்ளும் திரும்பும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, உயரமானவர்கள் குறுக்குக் கோணத்தில்தான் கால் நீட்டலாம். வாங்குமுன் உள்ளே படுத்துப் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: ஈகோவின் இஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. நிறுத்தியபின் ஒரு மணி நேரமாவது அந்தச் சூடு உள்ளேதான் ஏறும். ஆகவே தலைமாடு பின்கதவுப் பக்கம் இருக்கட்டும். படுக்கைக்கும் முன் இருக்கைக்கும் நடுவே கனமான திரை போடுங்கள். நிறுத்தியதும் முன்கதவுகளைத் திறந்துவைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து படுங்கள். இரவில் கதவைத் திறந்துபோட்டுத் தனியாகத் தூங்குவது கூடாது. கண்ணாடிகளை இறக்கி, கதவுச் சட்டத்தின் மேல் உறைபோல மாட்டும் கொசுவலை போதும். காற்று வரும் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சமாகவும் எதிர்ப்பக்கத்தைக் கூடுதலாகவும் இறக்கினால், படுக்கை மேல் காற்று வேகமாக ஓடும். காற்றே இல்லாத வடபாதி இரவுகளுக்கு 12 வோல்ட் மின்விசிறி இரண்டு வேண்டும்: ஒன்று உள்ளே தள்ள, ஒன்று வெளியே இழுக்க.

மின்கணக்கு எளிது. 20 வாட் விசிறி இரண்டு, பத்து மணி நேரம்: 400 வாட்-மணி. 60 வாட் கம்ப்ரஸர் குளிர்பெட்டி, இந்தச் சூட்டில் பாதி நேரமாவது ஓடும்: 720. விளக்கும் போனும் சேர்த்து நாளுக்கு 1,200 என்று வையுங்கள். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 1,280 தரும். வண்டி ஓடும்போதே இந்த பேட்டரியை நிரப்பும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், நான்கு மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ 1,000 திருப்பித் தரும். நாளுக்கு 200 போலக் குறையும், ஒரே இடத்தில் இரண்டு நாள் நின்றால் நன்றாகவே தட்டும். அதற்கு 200 வாட் சோலார் தகடு, ஆனால் கூரையில் ஒட்ட வேண்டாம். தகடு வெயிலிலும் ஆள் நிழலிலும் இருக்க வேண்டும். நீளமான கம்பியோடு தனியே விரிக்கும் தகடுதான் சரி.

டிராவலர்

உள்ளே நிற்கலாம், சமைக்கலாம், கழிப்பறை வைக்கலாம். ஏசி வைக்கலாம் என்பதற்காகத்தான் பெரும்பாலோர் இதை நாடுகிறார்கள். அரை டன் இன்வெர்ட்டர் ஏசி இரவில் சராசரி 400 வாட் இழுத்தால், எட்டு மணி நேரத்துக்கு 3.2 யூனிட் (ஒரு யூனிட் 1,000 வாட்-மணி), மாற்றும்போது ஏற்படும் இழப்போடு 3.6 யூனிட்டுக்கு மேல். 300 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே 3.84. விடியும்போது காலி. அதை 40 ஆம்பியர் சார்ஜரில் நிரப்ப ஏழு மணி நேரம் ஓட்ட வேண்டும். இந்தப் பயணத்தில் யாரும் அவ்வளவு ஓட்டப்போவதில்லை. ஆக, தினமும் விடுதி வளாகத்தில் 15 ஆம்பியர் பிளக் தேடுவீர்கள். அப்படியென்றால் அந்த விடுதியிலேயே அறை எடுத்துவிடலாமே.

பிளக் கிடைக்காத இரவில் இஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு ஏசி போடத் தோன்றும். செய்யவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததுதான் காரணம். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எந்த வண்டியானாலும் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கையருகே இருக்கட்டும்.

ஏசி போட முடிவு செய்தால் கூரைக்குத்தான் முதலில் காப்பு: 20 மில்லிமீட்டர் நுரைத் தகடு, இடைவெளியில்லாமல். அரைகுறையாக ஒட்டினால் ஈரக்காற்று குளிர்ந்த இரும்பைத் தொட்டு வியர்க்கும். கடலோரத்தில் அந்த இடத்தில்தான் துரு தொடங்கும். டிராவலரில் இப்படி உள்ளமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும். ஈகோவில் துளையிடாமல், கழற்றி மாட்டும் பலகைக் கட்டிலோடு நின்றுவிடுவது இதனாலும் நல்லது.

எங்கள் தேர்வு ஈகோதான். மூன்று இரவுக்கு ஒரு முறை ஏசி அறை. அந்த அறை இரவுகளை வடபாதியிலேயே செலவழியுங்கள். புதுச்சேரியிலும் நாகையிலும் அறை, தூத்துக்குடிக்குத் தெற்கே வேன். ஒரே இடத்தில் வாரக்கணக்கில், பிளக்கோடு நின்று வேலை பார்ப்பவருக்கு மட்டும் டிராவலர் பொருந்தும்.

ஓட்டும் நேரமும் தூக்கத்தைப் போலவே முக்கியம். தெற்கு நோக்கிப் போகும்போது பிற்பகல் வெயில் வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் மேலேயே விழும். காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். குடிக்க நாளுக்கு ஆறு லிட்டர் என்று வைத்து, 20 லிட்டர் கேனை ராமநாதபுரத்துக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். அதன்பின் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. மணலில் இறங்க வேண்டாம், ஈகோவின் பின்சக்கரம் உடனே புதையும். புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள். கையில் சிறிய காற்றடிப்பான் இருக்க வேண்டும்.

தனுஷ்கோடியில் மாலைக்குப் பிறகு தங்க விடமாட்டார்கள், கோடியக்கரை சரணாலயத்திலும் இரவு நிற்க முடியாது. குமரிப் பக்கம் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று மாலையில் பாருங்கள்: காற்றே இல்லாமல், தொலைதூரப் புயலின் அலை திடீரென ஏறும். வண்டியை அலை தொட்ட ஈரக்கோட்டிலிருந்து நன்றாக மேலே, தார்ச்சாலையை ஒட்டி, முகப்பைச் சாலை பார்த்து நிறுத்துங்கள். சாவி கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.