சோடியம் குறைந்த உப்பு: சிறுநீரகப் பாதிப்பின் ஆரம்ப நிலையில் வாங்கலாமா?

"கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கொஞ்சம் ஏறியிருக்கு, உப்பைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னதும் பலர் கடையில் தேடி எடுப்பது சோடியம் குறைந்த உப்பு பாக்கெட்டைத்தான். சாதாரண உப்பைவிட விலை கூடுதல். கூடுதலாகக் கொடுப்பதற்கு என்ன கிடைக்கிறது?

சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். டாடா சால்ட் லைட் போட்டிருக்கும் கணக்கு சோடியம் 15% குறைவு. சில பிராண்டுகளில் 30% வரை போகும். சுவையில் பெரிய குறை இல்லை. புளிக்குழம்பு, சாம்பாரில் வித்தியாசமே தெரியாது. மோரிலும் தயிர்சாதத்திலும் நாக்கின் ஓரத்தில் லேசாகக் கசக்கும். அதை "உப்பு பத்தலை" என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போட்டால் வாங்கியதன் பயனே போச்சு.

சிக்கல் பொட்டாசியத்தில்தான். 30% வகையில் 5 கிராம் உப்பில் கிட்டத்தட்ட 780 மி.கி. பொட்டாசியம் இருக்கும், இரண்டு வாழைப்பழத்தில் இருக்கும் அளவு. நல்ல சிறுநீரகம் இதை வெளியேற்றிவிடும். ஆனால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் போன்ற மாத்திரை ஒன்று எழுதியிருப்பார்கள். சிறுநீரகத்தைக் காக்கும் அதே மாத்திரை பொட்டாசியத்தையும் உடம்பில் தேக்கும். கூடவே ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் பிரிக்கும் மாத்திரையும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பொட்டாசியம் ஏறுவது பல நேரம் வெளியே தெரியாது, நேராக இதயத் துடிப்பைத்தான் குலைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதுகூட சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை.

ஆகவே இந்த மாத்திரைகளில் ஒன்று சாப்பிடுகிறவர்களும், ரத்தப் பொட்டாசியம் 5-ஐத் தொட்டவர்களும் இதை வாங்க வேண்டாம். மற்றவர்கள் பொட்டாசியம் அளவைப் பார்த்து, டாக்டரைக் கேட்டு முடிவு செய்யலாம். (ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்டு' என்று இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.)

இன்னொரு கணக்கும் உண்டு. 15% உப்பால் குறையும் அதே சோடியம், சாதாரண உப்பை 5 கிராமிலிருந்து 4.25 கிராமாக்கினாலே குறைந்துவிடும், காசு செலவில்லாமல். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் என்று வைத்தால், பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் இந்த 5 கிராமுக்குள்தான். அதனால் பாக்கெட் 50 நாளையும் தாண்டி ஓடினால்தான் சரி.

இந்துப்பு இதற்கு மாற்று ஆகாது. அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்க்காததும் நிறைய. பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு சோடியம் என்று பாருங்கள். 38,000 மி.கி.யை ஒட்டி இருந்தால், பெயர் எதுவானாலும் சாதாரண உப்புதான்.