கடினத் தண்ணீருக்கு எது சரி: உப்பு சாஃப்ட்னரா, காந்தக் கருவியா, பாஸ்பேட் கார்ட்ரிட்ஜா?

குழாயில் கடினத் தண்ணீர் வரும் வீட்டில் என்னென்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஷவர் துளை அடைபடும், சோப்பு நுரைக்காது, துவைத்த துண்டு விறைத்துப் போகும், ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு ஏறி வெந்நீர் தாமதமாகும். இதைத் தடுக்க மூன்று வழிகளைப் பரிசீலித்து, கடைசியில் உப்பு போட்டு ஓட்டும் சாஃப்ட்னரை வைத்தோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

எதை வாங்குவதற்கு முன்னாலும் தண்ணீரை அளந்துவிடுங்கள். டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். நமக்கு வேண்டியது தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். சாஃப்ட்னரில் இருந்து வரும் நல்ல மென்நீரிலும் டிடிஎஸ் குறையாது. கடினத்தன்மையை அளக்கும் சொட்டுச் சோதனை கிட் போதும். சிறு குப்பியில் தண்ணீர் எடுத்து, நிறம் காட்டும் இண்டிகேட்டரைக் கலந்தால் சிவந்துவிடும். பிறகு அடுத்த திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் சிவப்பு ஊதாவாகி, அடுத்த சொட்டில் தெளிந்த நீலமாகும். அதுவரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் கடினத்தன்மையைக் கணக்கிட வேண்டும். அது லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினாலே மிகக் கடினம் என்பார்கள்.

காந்தக் கருவி, மின்னணுக் கருவி: குழாய்க்கு மேலே மாட்டினால் போதும், பராமரிப்பே கிடையாது. ஆனால் இது கால்சியத்தை எடுப்பதில்லை. படிவம் கெட்டியாக ஒட்டாமல் தூளாகப் போகும் என்பதுதான் வாக்குறுதி. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன. அது பலித்தாலும் சோப்பு நுரைக்கப் போவதில்லை. என் பட்டியலில் முதலில் அடிபட்டது இதுதான்.

பாஸ்பேட் கார்ட்ரிட்ஜ் அப்படித் தள்ளிவிடக் கூடியது அல்ல. கண்ணாடிக் கோலி போன்ற உருண்டைகள் மெல்லக் கரைந்து, கால்சியம் கட்டியாகத் திரளாமல் பார்த்துக்கொள்ளும். வாஷிங் மெஷினுக்கும் ஹீட்டருக்கும் போகும் குழாயில் மாட்டலாம். உருண்டை தீர்ந்தால் மாற்றினால் சரி. தண்ணீர் மிகவும் சூடானால் அதன் வேலை சீக்கிரம் மங்கிவிடும். இதிலும் கடினத்தன்மை குறையாது. வாஷிங் மெஷினுக்கு மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறேன், முழு வீட்டுக்கு வைத்த அனுபவம் இல்லை.

சாஃப்ட்னர் ஒன்றுதான் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நிஜமாகவே பிடித்து வைக்கிறது. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் அவற்றை வாங்கிக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவினால் மறுபடி வேலைக்குத் தயார். சோப்பு, துணி, ஹீட்டர், ஷவர் என எல்லாவற்றிலும் வித்தியாசம் உடனே தெரிந்தது. புதிதாகப் படிவதைத் தடுத்தாலும் பழைய படிவம் தானாகப் போகாது. அதைச் சிட்ரிக் அமிலம் போட்டு ஊறவைத்துத்தான் கழற்ற வேண்டும். பளிங்குத் தரையில் மட்டும் அந்த அமிலம் படக்கூடாது.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்றால், 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் பிடிக்கும். தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் இருந்தால் 3,125 லிட்டர் வரை தாங்கும். தினம் 500 லிட்டர் புழங்கும் வீட்டில் ஆறு நாளைக்கு ஒரு முறை கழுவ வேண்டும். ஒவ்வொரு கழுவலுக்கும் 3 முதல் 4 கிலோ உப்பு. மாதத்துக்கு 15 முதல் 20 கிலோ. அத்தனை உப்பை வாங்கிச் சுமந்து கொண்டுவந்து கொட்ட வீட்டில் ஓர் ஆள் வேண்டும். கழுவும்போது நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வடிகாலுக்குப் போவதும் உண்டு. கடினத்தன்மை 800 என்றால் எல்லாமே இரட்டிப்பு. சின்ன மாடலை வாங்கினால் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். ரெசின் குறைந்தால் அடிக்கடி கழுவ வேண்டிவரும்.

உப்புத் தொட்டியை மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். சில நேரம் மேலே உப்பு நிறைந்தாற்போல் தெரியும்; கம்பால் குத்தினால் இறுகிய உப்பு ஓடு உடைந்து அடியில் வெற்றிடம் இருக்கும். உப்பு தண்ணீரைத் தொடாததால் கரைசலே உருவாகியிருக்காது, இயந்திரம் வெறும் தண்ணீரால் கழுவிக்கொண்டிருக்கும். மண் கலந்த மட்டமான உப்பு போட்டால் அடியில் சேறு சேரும். தண்ணீரில் இரும்பு இருந்தால் அது ரெசினை மூடி வீணாக்கிவிடும், அதற்கு முன்னாலேயே தனி ஃபில்டர் வேண்டும். ரெசின் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை நீண்ட நாள் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், எங்களுடையது இன்னும் புதிது.

சமையலறைக் குழாயை மட்டும் சாஃப்ட்னரில் சேர்க்காமல் விட்டோம். 400 மில்லிகிராம் கடினத்தன்மையை முழுவதும் எடுத்தால் லிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராம் சோடியம் கூடும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. செடிகளுக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. குடிக்க ஆர்ஓ வைத்திருந்தால் அது வேறு கணக்கு; மென்நீரை விட்டால் அதன் சவ்வில் சுண்ணாம்பு அடைக்காது.

முடி கொட்டுவது நிற்கும் என்று நம்பி யாரும் சாஃப்ட்னர் வாங்க வேண்டாம். தலைமுடி சிக்கில்லாமல் வருகிறது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களும், உப்பு போட ஆள் இல்லாத வீட்டினரும் பாஸ்பேட் கார்ட்ரிட்ஜோடு நிறுத்திக்கொள்ளலாம். ஷவரை அவ்வப்போது கழற்றிச் சிட்ரிக் அமிலத்தில் போட்டுவிடுங்கள். சொந்த வீடு, 300-க்கு மேல் கடினத்தன்மை, இரும்பு இல்லாத தண்ணீர் என்றால் தயங்காமல் சாஃப்ட்னரே வையுங்கள்.