டொயோட்டா மிராய்: வண்டியும் அதன் பின்னால் நிற்கும் மின்நிலையமும்

அமெரிக்காவில் பழைய கார்கள் விற்கும் இடங்களில், சில ஆண்டுகளே ஓடிய டொயோட்டா மிராய் கார்கள் புது விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே கிடைக்கின்றன. ஏறக்குறைய 50,000 டாலருக்கு விற்கப்பட்ட, கட்டுமானத்தில் குறை சொல்ல இடமில்லாத ஒரு செடான் இவ்வளவு மலிவாக வருகிறதே, வாங்கிவிடலாமா என்று கலிபோர்னியாவில் வசிக்கும் நண்பர்கள் கேட்பதுண்டு. இந்தியாவில் இது இன்னும் பொதுமக்களுக்கு விற்கப்படவில்லை; ஆனால் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2022 மார்ச்சில் இதே மிராயில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து, 'தண்ணீரில் ஓடும் கார்' என்ற தவறான பெயரில் இது நம்மிடையேயும் பேசப்பட்டு வருகிறது. தண்ணீர் இந்த வண்டியிலிருந்து வெளியே வருவது. உள்ளே போவது ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் இந்த வண்டியை மதிப்பிட முடியாது என்பதால், இந்த மதிப்புரையில் வண்டிக்குக் கொஞ்சமும் அதன் எரிபொருளுக்கு மிகுதியுமாக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் வண்டி. 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் மிராய் தோற்றத்தில் சற்று விசித்திரமானது. 2020 டிசம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை, பின்சக்கரங்களால் உந்தப்படும், நீளமான, அழகான சொகுசு செடான். முன்பக்கம் 330 எரிபொருள் கலங்களை அடுக்கிய 128 கிலோவாட் தொகுதி இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் தொட்டியிலுள்ள ஹைட்ரஜனும் அதற்குள் சேர்ந்து மின்சாரமும் நீரும் உண்டாகின்றன. அந்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. ஆகவே இது அடிப்படையில் ஒரு மின்சாரக் கார்தான். எஞ்சின் உறுமலும் கியர் மாறும் குலுக்கலும் கிடையாது. வேகம் சீராக ஏறுகிறது, ஆனால் இன்றைய பேட்டரி கார்களின் பாய்ச்சலை எதிர்பார்க்கக் கூடாது. மூன்று ஹைட்ரஜன் தொட்டிகள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், இவ்வளவு பெரிய வண்டிக்குப் பின் இருக்கையும் டிக்கியும் சிறியவையே. குடும்பத்தோடு விமான நிலையத்துக்குப் போய் ஊரிலிருந்து வரும் பெற்றோரின் பெட்டிகளை ஏற்றிவர இது உதவாது.

கார்பன் இழைகளைச் சுற்றிச் செய்த அந்தத் தொட்டிகளில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் 700 மடங்கு அழுத்தத்தில், மொத்தம் 5.6 கிலோ ஹைட்ரஜன் அடைபடுகிறது. அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி, எக்ஸ்.எல்.ஈ. வகை மிராய் அதைக் கொண்டு 402 மைல், அதாவது சுமார் 647 கிலோமீட்டர் ஓடும். ஒரு கிலோவுக்கு 115 கிலோமீட்டர் மைலேஜ் என்பது பாராட்டத்தக்கது. எல்லாம் சரியாக நடந்தால் ஐந்து நிமிடத்தில் தொட்டி நிரம்பிவிடும். இவ்வளவு வேகமாக அழுத்தும்போது வாயு சூடேறுவதால், நிரப்பும் நிலையத்திலேயே அதைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள்; அதனால் காற்றில் ஈரம் அதிகமுள்ள நாட்களில் நிரப்பும் குழாயின் முனை உறைந்து வண்டியோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. வண்டியைப் பொறுத்தவரை என் மதிப்பெண் தாராளமானது.

இனி அந்த 5.6 கிலோவின் பூர்விகத்துக்கு வருவோம். நிலக்கரியைப்போல் வெட்டி எடுத்தோ கச்சா எண்ணெயைப்போல் இறைத்தோ ஹைட்ரஜனை நாம் பெறுவதில்லை. வேறொரு பொருளிலிருந்து, வேறொரு ஆற்றலைச் செலவழித்து, அதைப் பிரித்தெடுக்கிறோம். ஆகவே அதை ஆற்றலின் மூலம் என்பதைவிட ஆற்றலைச் சுமந்து செல்லும் ஊடகம் என்பதே சரி. இன்று உலகில் உற்பத்தியாகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. தூய மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெறுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எரிவாயுவை உயர்ந்த வெப்பத்தில் நீராவியோடு வினைபுரியச் செய்யும் வழக்கமான முறையில், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மிராய் ஒரு கிலோவில் ஓடும் தொலைவால் இதை வகுத்தால், கிலோமீட்டருக்கு 80 முதல் 90 கிராம் என்று வரும். அதே டொயோட்டா ஷோரூமில் நிற்கும் பிரியஸ் ஹைபிரிட், வெறும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே, புகைக்குழாயில் கிலோமீட்டருக்குச் சுமார் 97 கிராம் வெளியிடுகிறது. பெட்ரோலைச் சுத்திகரிக்க ஆகும் புகையையும், ஹைட்ரஜனை அழுத்தி லாரியில் கொண்டுவர ஆகும் புகையையும் இரு பக்கமும் கூட்டிப் பார்த்தாலும், வித்தியாசம் பெரிதாக இல்லை. கலிபோர்னியாவில் அரசு உதவி பெறும் நிலையங்கள் தாம் விற்கும் ஹைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்கையாவது புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெற வேண்டும் என்ற சட்டம் இருப்பதால், அங்கே மிராயின் கணக்கு இன்னும் கொஞ்சம் மேம்படும். ஆனாலும் இவ்வளவு நுட்பமான வண்டி ஒரு நல்ல ஹைபிரிட்டை இவ்வளவு குறைந்த இடைவெளியில்தான் வெல்கிறது என்பதை விளம்பரங்களிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது.

அப்படியானால் எரிவாயுவை விட்டுவிட்டு மின்சாரத்தால் நீரைப் பகுத்தால் என்ன? ஒரு கிலோ ஹைட்ரஜனில் சுமார் 33 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதை மின்பகுப்பால் உண்டாக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். 700 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றிக் குளிர்விக்க மேலும் சில யூனிட்டுகள் ஆகும். மொத்தம் 58 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்குள் போன பிறகு எரிபொருள் கலம் அந்த 33 யூனிட்டில் பாதியை அல்லது சற்றே கூடுதலாக மட்டும் மீண்டும் மின்சாரமாக்கும். மீதி வெப்பமாக வெளியேறும். ரூபாயை டாலராக்கி மறுபடியும் ரூபாயாக்குபவர் இரண்டு முறையும் கமிஷன் கொடுப்பதைப்போல, மின்சாரத்தை வாயுவாக்கி மறுபடியும் மின்சாரமாக்கும் இந்த ஏற்பாட்டில், புறப்பட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மோட்டாருக்குப் போய்ச் சேர்கிறது.

சாலைக்கு இதைக் கொண்டுவந்து பார்த்தால், மிராய் 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரம் தேவை. சிக்கனமான ஒரு பேட்டரி கார், டெஸ்லா மாடல் 3 போன்றது, சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, அதே தொலைவுக்கு 16 யூனிட் அளவில் முடித்துவிடும். எந்த மின்சாரமானாலும் இந்த மூன்று மடங்கு வித்தியாசம் மாறாது. அந்த மின்சாரம் அழுக்கானதாக இருந்தால் மிராயின் கதை மிக மோசமாகிவிடும். நிலக்கரியை மிகுதியும் நம்பியிருக்கும் இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அந்த மின்சாரத்தில் மின்பகுப்பு செய்து மிராயை ஓட்டினால் கிலோமீட்டருக்கு 350 கிராம் ஆகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் சாதாரண பெட்ரோல் கார் வெளியிடுவது 150 கிராம் அளவுதான். பேட்டரி கார் அதே இந்திய மின்சாரத்தில் 110 கிராமில் நின்றுவிடுகிறது. புகைக்குழாயில் தண்ணீர் சொட்டும் ஒரு வண்டி, பெட்ரோல் வண்டியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கரியைக் காற்றில் ஏற்ற முடியும் என்பதுதான் இந்த மதிப்புரையில் நான் முதன்மையாகச் சொல்ல வந்தது.

நீரைப் பற்றிய அச்சம் மட்டும் மிகையானது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்குப்படி 9 லிட்டர் நீர் போதும். நடைமுறையில் சுத்திகரிப்பு, குளிர்விப்பு எல்லாம் சேர்ந்து அதைவிடக் கூடும் என்றாலும், இங்கே தட்டுப்பாடு மின்சாரத்துக்குத்தான்.

இவ்வளவு வீண் இருந்தும் ஜப்பான் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. எண்ணெயையும் எரிவாயுவையும் நிலக்கரியையும் ஏறக்குறைய முழுவதும் கப்பலில் வரவழைக்கும் நாடு அது. ஆற்றலை எந்த நாட்டிலிருந்தும் கப்பலில் கொண்டுவரக்கூடிய ஒரு வடிவம் அதற்குத் தேவைப்படுகிறது. ஃபுகுஷிமா மாவட்டத்தின் நமியே ஊரில் 2020 மார்ச்சில் திறக்கப்பட்ட நிலையத்தில் 20 மெகாவாட் சூரிய மின்பலகைகளும் 10 மெகாவாட் மின்பகுப்புக் கருவியும் இருக்கின்றன. ஜப்பானிய வெயிலில் அந்தப் பலகைகள் ஒரு நாளில் சராசரியாகத் தரும் மின்சாரத்தை முழுவதும் ஹைட்ரஜனாக்கினால், என் தோராயக் கணக்கில், 200 மிராய் கார்களின் தொட்டிகள் நிரம்பும். அதே மின்சாரத்தில் 600 பேட்டரி கார்கள் அதே தொலைவை ஓடிவிடும். இன்னொரு பக்கம், 2022 தொடக்கத்தில் 'சுய்சோ ஃபிரான்டியர்' என்ற கப்பல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்து மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜனை, ஜப்பானின் கோபே துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. சூரியனும் பழுப்பு நிலக்கரியும் தொட்டிக்குள் போனபின் ஒரே நிறமற்ற வாயுதான். வாங்குபவர் கேட்காவிட்டால் எதிலிருந்து வந்தது என்று சொல்லப்போவதில்லை.

கலிபோர்னியாவின் அனுபவம் பணப்பை சார்ந்தது. அங்கே 2023 வாக்கில் ஹைட்ரஜன் விலை பல நிலையங்களில் கிலோவுக்கு 36 டாலரைத் தொட்டது. அந்த விலையில் ஒரு முறை முழுமையாக நிரப்ப 200 டாலர் ஆகும்; கிலோமீட்டருக்கு 31 சென்ட். பெட்ரோல் ஒரு கேலன் 5 டாலர் விற்றாலும் பிரியஸுக்கு ஆவது 5 அல்லது 6 சென்ட்தான். புது வண்டி வாங்குபவருக்கு டொயோட்டா 15,000 டாலர் வரை எரிபொருள் அட்டை கொடுத்ததற்குக் காரணம் இதுவே. ஓட்டத் தொடங்கும்போது இலவசமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, அட்டை தீர்ந்த அன்றோ அதன் கெடு முடிந்த அன்றோ உண்மை விலையைக் காட்டிவிடும். நிலையங்களின் எண்ணிக்கையும் மாநிலம் முழுவதற்கும் ஐம்பதை ஒட்டியே நின்றுபோனது. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்கான தன் ஏழு நிலையங்களையும் நிரந்தரமாக மூடியது. 2019 ஜூனில் சாண்டா கிளாராவில், ஹைட்ரஜனை லாரிகளில் ஏற்றும் இடத்தில் வெடிப்பு ஏற்பட்டபோது, மாநிலத்தின் வடபகுதி நிலையங்கள் பல மாதக்கணக்கில் தட்டுப்பாட்டில் தவித்தன. ஓரிரு இடங்களில் உற்பத்தியாகி லாரியில் வரும் எரிபொருளுக்கு இதுதான் பலவீனம்: சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், பக்கத்துத் தெரு பங்க்குக்குப் போய் நிரப்பிக்கொள்ளும் வசதி இல்லை. அமெரிக்காவில் 2023இல் 2,700க்கு மேல் விற்ற மிராய், 2024இல் சுமார் 500 ஆகச் சுருங்கியதில் வியப்பில்லை.

இந்தியாவுக்கு இதில் என்ன பாடம் என்றால், வண்டியைவிட மின்சாரத்தை முதலில் எண்ண வேண்டும். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காக வைத்தது. அதற்கென்றே 125 கிகாவாட் அளவுக்குப் புதுப்பிக்கத்தக்க மின்நிலையங்கள் வேண்டும் என்றது. பசுமை என்று முத்திரை பெற ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகக் கூடாது என்ற வரையறையும் உண்டு. பொதுக்கட்டமைப்பு மின்சாரத்தில் செய்தால், முன்னே பார்த்த 58 யூனிட்டை யூனிட்டுக்கு 0.7 கிலோவால் பெருக்கிப் பார்க்க, அது 40 கிலோ ஆகும். நம் நாட்டின் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலைகளும் இன்று எரிவாயுவிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் ஹைட்ரஜனே ஏறத்தாழ அந்த 50 லட்சம் டன்னை எட்டும். அங்கே அதற்கு மாற்று இல்லை. காருக்கு பேட்டரி என்ற மாற்று இருக்கிறது. ஆகவே கிடைக்கும் பசுமை ஹைட்ரஜன் முதலில் யூரியாவுக்குப் போகட்டும் என்பது என் கட்சி. இந்தியன் ஆயில் நிறுவனம் 2023 செப்டம்பரில் டெல்லியில் இறக்கிய எரிபொருள் கலப் பேருந்துகளைப்போல், ஒரே பணிமனையில் நிரப்பிக்கொண்டு நாள் முழுவதும் ஓடும் கனரக வண்டிகளுக்கு இதில் ஓர் இடம் இருக்கலாம். தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்று மிகும்போது, வாங்க ஆளில்லாமல் நிறுத்தப்படும் காற்றாலை மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கலாம் என்ற யோசனை கேட்க இனிமையாக இருக்கிறது; ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஓடும் மின்பகுப்பு ஆலையின் முதலீட்டுக்கு வட்டி யார் கட்டுவது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பெட்ரோலுக்கு மாற்றாகப் பேசப்படும் சி.என்.ஜி. (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு), எத்தனால் பற்றி இங்கே விரிக்க இடமில்லை. இரண்டுக்கும் நிரப்பும் இடம் கண்ணெதிரே இருக்கிறது என்ற பெரிய சாதகம் உண்டு. எத்தனாலுக்கு லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதையும், அதன் பின்னால் கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் அவற்றுக்கான நீரும் நிற்கின்றன என்பதையும் மட்டும் நினைவில் கொள்ளலாம்.

மலிவான பழைய மிராயைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே, இன்றைக்கும் ஒழுங்காக இயங்கும் இரண்டு நிலையங்களாவது இருந்து, வீட்டில் வேறொரு காரும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். எரிபொருள் அட்டை உண்டா, அதில் எவ்வளவு மீதி, அது உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹைட்ரஜன் தொட்டிகளுக்கு 15 ஆண்டு ஆயுள் குறித்திருப்பார்கள். அந்த நாளுக்குப் பின் நிரப்பக் கூடாது என்று வண்டியிலேயே எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். வீட்டில் சார்ஜர் வைக்க இடமிருப்பவர், அதே பணத்துக்கு ஒரு பழைய பேட்டரி காரைத் தேடுவது நல்லது.