டீசல் பில்டர்: பேப்பரை விடுங்கள், ரப்பரைப் பாருங்கள்

வத்தளையில் இருக்கும் நண்பர் ஒருவர் பழைய டொயோட்டா ஹயேஸ் கேடிஎச் டீசல் வான் ஒன்றை வாங்கியிருக்கிறார். பில்டர் எல்லாம் ஜெனுயின்தான், அதாவது கம்பனியின் அசல் சாமான்தான் போட வேண்டுமா, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைப்பதைப் போட்டால் என்ன என்று கேட்டார். வட்சப்பில் பதில் எழுதப் போய் அது நீண்டுவிட்டது, எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன். என்னுடையது கேடிஎச் இல்லை, அதற்கு முந்திய ஹயேஸ், இங்கே டொல்பின் என்போம், 3எல் என்ற பழைய வகை டீசல் எஞ்சின். இரண்டு வகைப் பில்டரையும் வேண்டுமென்றே மாறி மாறிப் போட்டுப் பல வருடமாக ஓட்டுகிறேன்.

பில்டர் பேச்சு வந்தால் எல்லோரும் உள்ளே இருக்கும் பேப்பரைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் கழற்றிய பில்டர்களை வாளால் அறுத்துப் பார்த்திருக்கிறேன். ஜெனுயினில் மடிப்புகள் நெருக்கமாக, ஒரே அளவில் இருக்கும். மலிவுச் சாமானில் மடிப்பு குறைவு, பசை ஒரு பக்கம் வழிந்து மறுபக்கம் போதாமல் இருக்கும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அது வண்டியில் தெரிந்ததா என்றால் எனக்குத் தெரியவில்லை. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கண்டிப் பாதையில் கடுகண்ணாவ ஏற்றம் ஏறும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் இழுத்தது. "இந்தப் பழைய எஞ்சினுக்கு எதைப் போட்டாலும் ஓடும்" என்று என் மெக்கானிக் பாஸ் சொல்வார். பேப்பரைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி.

என்னைக் கடுப்பேற்றியது ரப்பர். பில்டர் உட்காரும் இடத்தை அடைக்கும், ஐம்பது ரூபாகூடப் பெறாத அந்த வளையம்.

டொல்பினில் டாங்கிக்குள் டீசலைத் தள்ளிவிடும் பம்ப் கிடையாது. எஞ்சினில் உள்ள இன்ஜெக்ஷன் பம்ப்தான் டாங்கியிலிருந்து பில்டர் வழியாக டீசலை உறிஞ்சி எடுக்கிறது. அதனால் பில்டரின் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். கீழே ஒரு சொட்டும் விழாது, கைவைத்துப் பார்த்தால் ஈரமும் இருக்காது, ஆனால் இரவு முழுக்க நிற்கும்போது லைனில் இருக்கும் டீசல் மெல்ல டாங்கிக்கே திரும்பி இறங்கிவிடும், காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி உறுமும் உறுமும், பிடிக்காது, பக்கத்து வீட்டு நாய் எழும்பிய பிறகுதான் பிடிக்கும். ஓடத் தொடங்கிவிட்டால் பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. இதில் ஆளுக்கொரு நோய் சொல்வார்கள்: பட்டரி என்பார் ஒருவர், ஹீட்டர் பிளக் என்பார் இன்னொருவர், பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே நிற்பார்.

சோதிப்பதற்குக் காசு தேவையில்லை. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை அழுத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது. மெத்தென்று அமுங்கி, சில தடவை அடித்த பிறகு இறுகி, அப்புறம் ஒரே திருப்பில் வண்டி பிடித்தால் காற்று போகிறது என்று அர்த்தம். நம்பாத பாஸுக்கு, பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் இடத்தில் உள்ளே தெரிகிற குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பூட்டிக் குமிழியைக் காட்டுங்கள்.

என் வண்டியில் மலிவுப் பில்டர் போட்டபோதெல்லாம் இது நடக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சில ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடின. ஆனால் நடந்தபோதெல்லாம் இருந்தது மலிவுப் பில்டர்தான். மேலே உள்ள பெரிய வளையத்தைவிட மோசம் அடியில் வருவது. டீசலில் தண்ணீர் சேர்ந்தால் காட்டும் சென்சரைப் பழைய பில்டரின் அடியிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்டும்போது அதற்கென்று பெட்டியில் ஒரு சின்ன வளையம் தருவார்கள். மெல்லியதாக, பிளாஸ்டிக் போல விறைத்து இருக்கும். கையால் இறுக்கினால் காற்று இழுக்கும், குறடு போட்டால் சென்சர் வெடிக்கும்.

ஒயில் பில்டரிலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது, எஞ்சின் நின்றதும் ஒயில் திரும்பி வடியாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. மட்டமான ரப்பர் சூட்டில் காய்ந்து விறைத்தால், காலையில் ஒயில் லாம்பு அணையச் சுணங்கும், எஞ்சின் ஓரிரு விநாடி கடகடக்கும். எயார் பில்டரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, விளிம்பு சுற்றிலும் நன்றாகப் படிகிறதா என்று பாருங்கள், போதும்.

நண்பரின் கேடிஎச்சுக்கு மட்டும் நான் பேப்பரையும் விடமாட்டேன். அது கொமன் ரெயில், அதாவது டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் வகை. உள்ளே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரோன்தான், மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு. என் டொல்பின் விழுங்கிவிட்டுப் போகும் தூசு அங்கே இன்ஜெக்டரைத் தின்னும். பெட்டியில் "10 மைக்ரோன்" என்று அடித்திருப்பதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், அந்த அளவுத் துகளில் நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கும் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. தண்ணீர் இன்னும் பெரிய ஆபத்து. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழுவழுப்புக் கொடுப்பதே டீசல்தான், தண்ணீர் போனால் தேய்வும் துருவும் வரும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கானிலும் பரலிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பில்டர் லாம்பு எரிந்தால் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை இறக்குங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள்.

சரி, ஜெனுயினைப் புகழ்ந்தாயிற்று. இப்போது வயிற்றெரிச்சல். 2022 மார்ச்சில் கிட்டத்தட்ட 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 வரை போனது, பில்டர் விலையும் ஏறியது, நியாயம். டொலர் 300க்கு இறங்கி வந்த பிறகும் நான் போகும் கடையில் விலை இறங்கவில்லை. கேட்டால் "இது பழைய ஸ்டொக்" என்கிறார்கள். ஏறும்போது மட்டும் பழைய ஸ்டொக்குக்கும் புது விலை. இதற்கு மேலே, ஜெனுயின் பெட்டியிலேயே போலி வருகிறது. அச்சு நன்றாக இருக்கிறதே என்று நம்ப முடியாது, பெட்டி அடிப்பது சுலபம். நான் பெட்டியைப் பார்ப்பதில்லை, வளையத்தைக் கழற்றி விரலால் மடித்துப் பார்க்கிறேன், உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பினால் வாங்குவேன். கடைக்காரர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. இந்தோனேசியாவின் சகுரா, ஜப்பானின் விஐசி போன்றவை ஜெனுயினைவிட விலை குறைவு, நான் போட்டவற்றின் ரப்பர் மென்மையாகவே இருந்தது. காலையில் தொந்தரவு தரவில்லை. ஒயிலுக்கு இப்போது அதுதான் போடுகிறேன்.

ஆக, நண்பரே, உங்கள் கேடிஎச்சுக்கு டீசல் பில்டர் ஜெனுயின்தான், பேரம் வேண்டாம். என் டொல்பினுக்கும் நியாயமாகப் பார்த்தால் அதைத்தான் போட வேண்டும், மேலே எழுதியதெல்லாம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் போன கிழமை கடைக் கவுண்டரில் நின்று ஜெனுயின் விலையைக் கேட்டேன், வாங்காமல் திரும்பி வந்து டீசலுக்கும் சகுராவையே வாங்கி வைத்துவிட்டேன். சனிக்கிழமை பூட்டுகிறேன். சென்சர் வளையத்தை மட்டும் தனியாக நல்லதாக வாங்கியாயிற்று.