கயிறு இழுக்குற சாப்பர்: கண்ணு எரியலதான், ஆனா...

வெங்காயம் நறுக்கும்போது கண்ணுல தண்ணியே வராதுன்னு போட்டிருந்தாங்கன்னு 250 ரூபாய்க்கு இந்த சாப்பர ஆன்லைன்ல வாங்கினேன். எரியலங்குறது உண்மைதான், மூடி இருக்குறதால வெங்காயத்துல இருந்து வர்ற கண்ண எரிய வைக்கிற கேஸ் உள்ளயே நின்னுடுது, ஆனா திறந்த உடனே மூஞ்சிய கிட்ட கொண்டு போனீங்க, மொத்தமா சேத்து ஒரே அடியா அடிக்கும் பாருங்க! பத்து இழுப்புக்கு மேல போனா துவையல் மாதிரி தண்ணி விட்டுடுது, பிரியாணிக்கு நீளமா வேணும்னா ஆகவே ஆகாது. ரெண்டே மாசத்துல கயிறும் உள்ள சிக்கிக்கிச்சு.

இப்ப மறுபடி கத்திதான். தோல உரிச்சு அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா எரிச்சல் நல்லாவே கம்மி, கத்திய மட்டும் சாணை புடிச்சு வெச்சுக்கணும், மொண்ணை கத்தி வெங்காயத்த நசுக்கி கேஸ இன்னும் கிளப்பிவிடும். சின்ன வெங்காயம்னா தண்ணியில ஊறப்போட்டு உரிச்சிடுவேன். அத்தை சொன்னாங்கன்னு தோல தலையில வெச்சுக்கிட்டும் நறுக்கி பாத்தேன், அழுகையும் நிக்கல, முடியெல்லாம் வெங்காய நாத்தம் வேற.

ஆம்லெட்டுக்கு பொடிசா வேணும்னா மட்டும் வாங்குங்க. அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்.