74,500 ரூபா வாங்கிவிட்டு, போத்தலுக்குள் என்ன என்று சொல்ல மறுக்கிறார்கள்

இயற்கை முறையில் முகக்கிறீம், சவர்க்காரம், ஷாம்பூ செய்யப் பழக்குகிறோம் என்று பேஸ்புக்கில் விளம்பரம் போடும் ஒன்லைன் பயிற்சி ஒன்றுக்கு 74,500 ரூபா கட்டினேன். காசும் போனது, என் மச்சாளின் முகமும் புண்ணாகியது. நேற்று இரவு அவர்களுடைய வட்ஸ்அப் குழுமத்திலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். முறைப்பாடு போயிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் இதே மாதிரி நடத்துகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், வாசித்தால் உங்களுக்கே விளங்கும்.

எங்கள் வளவில் கற்றாழைக்குக் குறைவில்லை. நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் ஊரிலேயே கிடைக்கும். பனங்களியில் உடுப்புத் தோய்த்த ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறார்கள், என் அம்மம்மாவும் அப்படித் தோய்த்தவதான். இதையெல்லாம் வைத்து ஒரு சின்னத் தொழில் தொடங்கி, நல்லூர்த் திருவிழா நேரம் ஒரு கடை போட வேண்டும் என்பது கனகால ஆசை. சீட்டுக் காசு கைக்கு வந்த நேரம் அந்த விளம்பரம் வந்தது. பரபென் (கிறீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது) இல்லை, சல்பேட் (நுரைக்கச் சேர்ப்பது) இல்லை, கெமிக்கலே இல்லை, சான்றிதழும் உண்டு என்று போட்டிருந்தார்கள்.

முதலில் ஒரு இலவச சூம் வகுப்பு வைத்தார்கள். நடத்திய பெண் கடையில் விற்கும் ஒரு கிறீம் டப்பாவைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்து, பின்பக்கத்தில் இருந்த பொருட்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மெத்தில்பரபென், புரப்பில்பரபென். "இதைத்தானே அக்காமார் உங்கட பிள்ளையளின்ர முகத்தில பூசுறீங்கள்?" என்று கேட்டார். பிறகு தன்னுடைய சின்ன மகளைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, தான் செய்த கிறீமை அந்தப் பிள்ளையின் கன்னத்தில் தடவிக் காட்டினார். அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பெற்ற பிள்ளைக்குப் பூசுகிற சாமானில் யார் பொய் சொல்வார்கள்?

வகுப்பு முடிந்து கொஞ்ச நேரத்தில் தனியாகவும் போன் எடுத்தார். நல்ல யாழ்ப்பாணத் தமிழ். "எனக்கும் சொந்த இடம் வடமராட்சிதான் அக்கா. எங்கட ஊர்ப் பெண்டுகள் முன்னுக்கு வரோணும். மற்ற ஆக்களுக்கு 90,000, உங்களுக்கெண்டபடியால் 74,500க்குத் தாறன், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். (அதே வசனத்தை, அதே 74,500ஐ, மட்டக்களப்பில் இருக்கும் ஒரு தங்கச்சிக்கும் சொல்லியிருக்கிறார். அங்கே சொந்த இடம் கல்லடியாம்.) வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "அது எங்கட எக்கவுண்டன்ர பேர் அக்கா, நிறுவனக் கணக்கு இப்பதான் மாத்துப்படுது" என்று உடனே பதில் வந்தது. எல்லாக் கேள்விக்கும் அவர்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது, காசு கைக்குப் போகும் வரைக்கும்.

பார்சல் வந்தது. பெயரில்லாத ஒரு சோப் பேஸ் கட்டி (உருக்கி ஊற்றுகிற ஆயத்தச் சவர்க்காரம்), கொஞ்சம் தேன்மெழுகு, மெழுகுத் தூள் ஒரு பை, லாவெண்டர் என்று கையால் எழுதிய ஒரு சின்ன வாசனை எண்ணெய், பிளாஸ்டிக் ஒட்டிய சான்றிதழ். (படிக்க முதலே சான்றிதழ்!) அதோடு ஒரு மண்ணிறக் கண்ணாடிப் போத்தல். அதில் ஒட்டியிருந்த துண்டில் "100% இயற்கைப் பிரிசர்வேட்டிவ்" (கெட்டுப்போகாமல் காக்கும் பொருள்) என்று மட்டும் இருந்தது. என்ன பொருள், யார் செய்தது, தொகுதி இலக்கம், முடிவுத் திகதி, ஒன்றும் இல்லை. அந்தப் பார்சல் முழுவதையும் சேர்த்து விலை போட்டாலும் பத்தாயிரம் தேறாது.

பாடம் என்று வந்தவை ஏற்கெனவே பதிந்து வைத்த வீடியோக்கள். கற்றாழைச் சாறு, வடித்த நீர், தேங்காய் எண்ணெய், மெழுகு, கடைசியில் அந்தப் போத்தலிலிருந்து பத்துச் சொட்டு. எத்தனை கிராம் கிறீமுக்குப் பத்துச் சொட்டு என்று கேட்டேன். "ஒரு பச்சுக்கு", அதாவது ஒரு தடவை செய்கிற அளவுக்கு, என்றார்கள். ஒரு பச் எவ்வளவு? அதற்குப் பதில் இல்லை. கூடப் பாதுகாப்பு வேண்டுமென்றால் விற்றமின் ஈ எண்ணெய் விடச் சொன்னார்கள்.

வீடியோவில் காட்டிய மாதிரியே செய்தேன். பாத்திரங்களை அவித்தேன், கைக்குக் கையுறை போட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிற தண்ணீர், சவர்க்காரமே ஒழுங்காக நுரைக்காது. அதனால் வடித்த நீர் காசு கொடுத்து வாங்கித்தான் செய்தேன். கிறீம் வெள்ளையாக, மெதுவாக, அவ்வளவு வடிவாக வந்தது. கலியாண வீடு ஒன்றுக்குப் போக இருந்த மச்சாளுக்கு ஒரு டப்பா கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் என்னுடைய டப்பாவைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முழுக்கச் சாம்பல் பச்சையில் புள்ளிகள். பூஞ்சணம். கிறீமின் நடுவில் ஒரு குழி விழுந்து அதில் தண்ணீர் பிரிந்து நின்றது. விரலால் தொட்டு மணந்து பார்த்தேன், புளித்த கள்ளு மாதிரி ஒரு வாடை. உடனே மச்சாளுக்குப் போன் எடுத்தேன். அவ சொல்லவில்லை, ஆனால் தாடைப் பக்கம் ஏற்கெனவே சீழ்க் கொப்புளம் போட்டு, தோல் டொக்டரிடம் போய் மருந்து எடுத்துக்கொண்டிருந்தா. கலியாண வீட்டுக்கும் போகவில்லை. "நீ மனம் நோவாய் எண்டுதான் சொல்லேல்லை" என்றா. அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

படங்களை அனுப்பிக் கேட்டேன். வந்த பதில்களை அப்படியே எழுதுகிறேன். முதலில்: "கை ஈரமா இருந்திருக்கும் அக்கா." கையுறை என்றேன். "அப்ப உங்கட யாழ்ப்பாண வெயிலுக்கு அப்பிடித்தான், பிரிஜ்ஜில வைக்கோணும்." விற்கிற கிறீமை வாங்குகிறவர்கள் எல்லாரும் பிரிஜ்ஜிலா வைப்பார்கள் என்றேன். "டீச்சர் இந்தியாவுக்குப் போயிட்டா, வந்து கதைப்பா." டீச்சர் வரவேயில்லை. ஆனால் அதே கிழமை அந்த டீச்சர் புதிதாக ஒரு இலவச வகுப்பு நடத்தினா, விளம்பரத்தை நானே பார்த்தேன்.

சரி, அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதையாவது சொல்லுங்கள் என்றேன். "அது எங்கட தொழில் இரகசியம்." மற்றவனுடைய டப்பாவில் எழுதியிருப்பதைக் கமரா முன் வாசித்துப் பயம் காட்டுகிறவர்களுக்குத் தங்களுடைய போத்தலில் இருப்பது இரகசியம்! விடாமல் கேட்ட பிறகு, "கிரேப்புரூட் விதைச்சாறு, சுத்த இயற்கை" என்று ஒரு வரி வந்தது.

என் பெறாமகள் இரசாயனம் படித்தவள். அவள் வந்து கிறீமில் பீஎச் தாளை (அமிலமா காரமா என்று காட்டுகிற தாள்) வைத்துப் பார்த்தாள், கிட்டத்தட்ட ஏழு காட்டியது. அவள் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன், இதைத்தான் அந்த 74,500 ரூபாவுக்கு அவர்கள் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

தண்ணீர் சேர்ந்த எந்தப் பூச்சிலும் பற்றீரியா, ஈஸ்ட், பூஞ்சணம் மூன்றும் வளரும். கற்றாழைச் சாறு அவற்றுக்கு நல்ல சாப்பாடு. எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்த தைலத்துக்கு, தண்ணீர் படாமல் பாவித்தால், பிரிசர்வேட்டிவ் தேவையில்லை. கட்டிச் சவர்க்காரத்துக்கும் அதன் காரத்தன்மையால் தேவைப்படாது. ஆனால் தண்ணீர் உள்ள கிறீமுக்குக் கட்டாயம் வேண்டும். விற்றமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை பிடிப்பதைத் தள்ளிப் போடும், கிருமியைத் தடுக்காது. பரபென் வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சோடியம் பென்சோவேற்றும் பொற்றாசியம் சோர்பேற்றும் சேர்த்துப் பாவிக்கலாம், ஆனால் கிறீமின் பீஎச் ஐந்துக்குக் கிட்ட அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். பென்சைல் அல்ககோலும் டீஹைட்ரோஅசெற்றிக் அமிலமும் சேர்ந்த ஒன்றை ஐரோப்பாவின் இயற்கை அழகுசாதனத் தரச்சான்றுகளே ஏற்றுக்கொள்கின்றன. எதுவானாலும் சொட்டுக் கணக்கில் இல்லை, தராசில் நிறுத்துச் சதவீதக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். இதில் ஒரு சொல்கூட அந்த வீடியோக்களில் இல்லை.

கிரேப்புரூட் விதைச்சாறு பற்றி அவள் காட்டியதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. 1999இல் ஜேர்மனியில் கடையில் விற்கும் ஆறு விதைச்சாறுகளைச் சோதித்திருக்கிறார்கள். கிருமியைத் தடுத்த ஐந்திலும் பென்செதோனியம் குளோரைட் என்ற செயற்கைப் பிரிசர்வேட்டிவ் இருந்தது. அவற்றில் மூன்றில் ட்ரைக்ளோசான் என்ற செயற்கைக் கிருமிநாசினியும் மெத்தில்பரபெனும்கூட இருந்தன. எதுவும் கலக்காத அந்த ஒன்று கிருமியைத் தடுக்கவே இல்லை. அப்படியென்றால் என் போத்தலுக்குள் உண்மையான சாறு இருந்தால் அது வேலை செய்யாது, வேலை செய்தால் அது இயற்கை இல்லை. எந்தப் பரபெனைக் காட்டி என்னிடம் காசு வாங்கினார்களோ, அதையே பெயர் போடாமல் தந்திருக்கவும்கூடும்.

பரபென் பற்றியும் அவர்கள் பாதிதான் சொன்னார்கள். 2004இல் மார்புப் புற்றுநோய்க் கட்டிகளில் பரபென் இருந்ததாக ஒரு பிரித்தானிய ஆய்வு வந்தது, அதிலிருந்துதான் இந்தப் பயம் பரவியது. அது புற்றுநோயை உண்டாக்கியது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஐந்து வகைப் பரபென்களைத் தடைசெய்து, புரப்பில், பியூட்டில் வகைகளின் அளவைக் குறைத்தது. மெத்தில்பரபென் அங்கே 0.4 சதவீதம் வரை இன்றும் அனுமதி. எனக்குப் பரபென் வேண்டாம், அது என் விருப்பம். ஆனால் முழுக் கதையையும் சொல்லிவிட்டல்லவா காசு கேட்டிருக்க வேண்டும்?

இதையெல்லாம் குழுமத்தில் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டார்கள். பிறகு தனியாக ஒரு செய்தி வந்தது: பிரிசர்வேட்டிவ் பாடம் இரண்டாம் கட்டத்தில்தான் வரும், அதற்கு இன்னும் 45,000 கட்ட வேண்டும். கெட்டுப்போகாமல் கிறீம் செய்யும் பாடத்துக்கு வேறாகக் காசு! 74,500ஐத் திருப்பித் தாருங்கள் என்றேன். டிஜிட்டல் பாடங்களுக்குக் காசு திருப்புவதில்லையாம். அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதும் குழுமத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். என் நம்பரையும் புளொக் பண்ணிவிட்டார்கள். அக்கா, அக்கா என்ற அதே வாய்.

எப்படி நல்ல பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. இவ்வளவையாவது பாருங்கள்: கெமிக்கலே இல்லை என்று சொன்னால் விட்டுவிட்டு வாருங்கள், தண்ணீரும் கெமிக்கல்தான். காஸ்டிக் சோடா இல்லாமல் சவர்க்காரம் என்று சொன்னாலும் அப்படியே. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் தாக்கமடைந்துதான் சவர்க்காரமே வருகிறது, உருக்கி ஊற்றுகிற பேஸை வேறு யாரோ ஏற்கெனவே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். பொருளின் பெயரும் சதவீதமும் எழுத்தில் தராதவர்களிடம் காசு கட்டாதீர்கள். தனி ஆளின் கணக்குக்குக் கட்டவே கட்டாதீர்கள். பூஞ்சணம் பிடித்த கிறீமை மேலே வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் பூசாதீர்கள், டப்பாவோடு எறியுங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வங்கிச் சிலிப், வட்ஸ்அப் செய்திகளின் படங்கள், அந்தப் போத்தல் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மட்டக்களப்புத் தங்கச்சியும் எழுத்தில் தர ஒத்துக்கொண்டா. இதே மாதிரி மண்ணிறப் போத்தல் வேறு யாருக்காவது வந்திருந்தால் திறக்காமல் வையுங்கள், காசு கட்டிய சிலிப்பைப் படம் எடுத்து எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். சேர்த்துக் கொடுக்கலாம்.